துண்டுக்கு அடியில் இருந்த பெட்டி

மெல்லிசைக் குழுவில் பேஸ் கிடார்காரனை யாரும் திரும்பிப் பார்ப்பதில்லை, தப்பாக வாசித்தால் தவிர. மேடை ஓரமாகவே நின்று காலம் தள்ளிய சகாக்களே, உங்களுக்குத் தெரியாததா? எழுபதுகளின் கடைசியில் செங்கல்பட்டுக் குழு ஒன்றில் நான் பண்ணிய கூத்தைக் கேளுங்கள்.

விரலுக்குப் பதில் பெட்டி

எனக்கு ஆள்காட்டி விரல் அடி இடி மாதிரி விழும். நடுவிரல் அடி விழுந்ததே தெரியாது. சரி பண்ணாவிட்டால் வேறு ஆள் பார்ப்பேன் என்று குழுத் தலைவர், அக்கார்டியன் வாசிக்கும் ஜோசப் அண்ணன், சொல்லிவிட்டார். சாதகம் பண்ணியிருக்க வேண்டும். சோம்பேறி நான். கப்பலில் வேலை பார்த்த மாமா பையனிடம் சொல்லி கம்ப்ரஸர் பெடல் என்கிற ஒரு சின்னப் பெட்டியை வரவழைத்தேன். காலால் அமுக்கினால் பலத்த அடியை அடக்கும், மெல்லிய அடியைத் தூக்கிவிடும், எல்லாம் ஒரே அளவாகக் கேட்கும். குமிழை முழுசாகத் திருகி வைத்தேன். அடுத்த குழுக்காரன் கண்ணில் படாமல் பெடல்மேல் துண்டு போட்டு மூடுவது அன்றைக்கு வழக்கம். நான் என் குழுக்காரர்களுக்கே காட்டவில்லை.

ஒத்திகையில் ஜோசப் அண்ணன் முதுகில் தட்டினார். நான் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்க, அவர் சொன்னார்: "நல்லா சாதகம் பண்ணியிருக்க போல. இப்பத்தான்டா நீ பேஸ் பிளேயர்."

இரைச்சல்

மாமல்லபுரம் பக்கம் ஒரு மீனவர் குப்பத்தில் அம்மன் திருவிழா. மைக் செட் தனபாலுடையது. அவர் அந்தக் குப்பத்துக்காரர்தான். சொந்த ஊர்த் திருவிழாவுக்கு முதல் தடவையாக அவர் செட். சொந்தபந்தம் எல்லாம் முன்வரிசையில்.

பாட்டுக்கு முன்னால் வரும் தொகையறாவை, பாடகி வாத்தியம் இல்லாமல் பாட ஆரம்பித்ததும் உஸ்ஸென்று ஒரே இரைச்சல். நான் வாசிக்காமல் நின்றால் அந்தப் பெட்டி வெறும் இரைச்சலையும் தூக்கிவிடும் என்று அப்போதுதான் உறைத்தது. தனபால் ஒயர் ஒயராகப் பிடுங்கி மாட்டினார். "அண்ணாத்த, உன் பக்கம் எதுனா இரையுதா?" என்றார். "இல்லியே" என்றேன், பாவி. அவர் ஆம்ப்ளிஃபயர் பக்கம் குனிந்த நேரம் பார்த்துத் துண்டின்மேல் காலை வைத்து அணைத்தேன். இரைச்சல் நின்றது. ஊரே கேட்க ஜோசப் அண்ணன் சொன்னார்: "பாத்தியா, உன் ஒயர்லதான்யா கோளாறு."

வேறு செட்

மறு வருஷம் அந்தத் திருவிழாவுக்குத் தனபாலைக் கூப்பிடவில்லை. செங்கல்பட்டிலிருந்து வேறு மைக் செட் வந்தது. வாசிக்கும்போது கூட்டத்தில் தனபால் கைகட்டி நிற்பதைப் பார்த்தேன். எனக்குப் பதறிவிட்டது. தொகையறா வந்தபோது, வழக்கமாக அணைத்துவிடும் பெட்டியை அணைக்க மறந்துபோனேன். அதே இரைச்சல்.

ஜோசப் அண்ணன் நேராக என்னிடம் வந்தார். துண்டைத் தூக்கினார். பெட்டியை அணைத்தார், போட்டார், மறுபடி அணைத்தார். இரைச்சல் நின்றது, வந்தது, நின்றது. என் முகத்தைப் பார்த்துக் கேட்டார்: "அப்போ, அந்தத் தனபாலு?"

கீழே இறங்கி

கச்சேரி முடிந்ததும் தனபாலிடம் போய் நடந்ததைச் சொன்னேன். வெட்கம் பிடுங்கித் தின்றது. பக்கத்தில் அவர் மனைவி வேறு. திட்டியிருந்தால் தேவலை. மெதுவாகத்தான் பேசினார்: "தெரியும் அண்ணாத்த. நான் குனிஞ்சிருந்தாலும் நீ துண்டு மேல கால வச்சத அன்னிக்கே பாத்துட்டேன். நான் சொன்னா எவன் நம்புவான்? நீயே வந்து சொல்லுவேன்னு ஒரு வருசமா வாயத் தொறக்காம கீறேன்."

பெட்டி இல்லாமல் வாசிக்க என் விரல் ஆறே மாதத்தில் பழகிவிட்டது, அந்தக் குப்பத்துப் பக்கம் தலை நிமிர்ந்து நடக்கத்தான் இன்னும் பழகவில்லை.