எந்த ராஜா என்று கேட்டவர்

ஸ்டெல்லா அக்கா இறந்துபோன செய்தியை எனக்கு யாரும் சொல்லவில்லை. பாலக்கரைப் பக்கம் பைக்கில் போகும்போது ஃப்ளெக்ஸில் பார்த்தேன். பார்த்தும் நம்பவில்லை. படத்தில் இருந்தவருக்கு முப்பது வயதுதான் இருக்கும். அக்காவோ அறுபதை நெருங்கியவர். இந்த ஊரில் ஃப்ளெக்ஸ் அடிக்கிறவர்கள் மாப்பிள்ளை இருக்க வேண்டிய இடத்தில் மாமனார் படத்தைப் போட்டவர்கள். வண்டியை ஓரம் கட்டிவிட்டு அக்காவின் எண்ணுக்கே அழைத்தேன். அவர் தங்கை எடுத்தார்.

"ஆமா தம்பி. வெடிகாலைல நெஞ்சு வலிக்குதுன்னாங்க. ஆஸ்பத்திரி போறதுக்குள்ள முடிஞ்சிட்டுது."

போனை வைத்துவிட்டு மறுபடி ஃப்ளெக்ஸைப் பார்த்தேன். கீழே மூலையில் அச்சடித்த கடையின் பெயர். ராயல் என்று தொடங்கியது. பக்கத்தில் ஒரு தங்கக் கிரீடம். அக்காவின் கண் முதலில் அங்கேதான் போயிருக்கும். "எந்த ராஜா?" என்று கேட்டிருப்பார்.

செராமிக் பேட்டையில் யூனிட் வைத்திருக்கும் உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒற்றை அறை, ஒரு கம்ப்யூட்டர், ஒரு பிரிண்டர். ஆங்கிலத்தில் எம்.ஏ. படித்தவர். நம் கடிதங்கள், கேட்லாக், டெண்டர், வெளியூர்க்காரரிடம் நாம் கேட்கும் மன்னிப்பு எல்லாம் அவர் கையால்தான் ஆங்கிலமாயின. தப்பில்லாத ஆங்கிலம் வேண்டுமானால் அவரைவிட்டால் ஆளில்லை. ஆனால் அவருக்கு நம்பிக்கையில்லாத வரியை அவரைக்கொண்டு டைப் செய்ய வைப்பது லேசான காரியமில்லை. அதில் எனக்கும் அவருக்கும் ஒத்துப்போனதே கிடையாது.

டீக்கடையில் அவர் செய்யும் வேலையை நீங்களும் பார்த்திருப்பீர்கள். டீ ஊற்றுவதற்கு முன்னால் காலிக் கப்பை வாங்கி, விரல் நகத்தால் ஒரு தட்டு தட்டுவார். சத்தம் கணீரென்று வருகிறதா, மொத்தையாக வருகிறதா என்று கேட்டுவிட்டுக் கவிழ்த்து அடியில் என்ன எழுதியிருக்கிறது என்று படிப்பார். டீ மாஸ்டர் ஒருமுறை கேட்டே விட்டார்: "என்னாக்கா, கப்புக்கு ஜாதகம் பாக்கறீங்களா?"

"கப்பு பொய் சொல்லாது. அடியில எழுதினவன்தான் சொல்லுவான்" என்றார் அக்கா.

என் முதலாளி கலியபெருமாளுக்குப் புதுச்சேரி ஹோட்டல் ஒன்றிலிருந்து ஆர்டர் வந்தது. டீ கப்பும் சாஸரும், எங்கள் சொந்தப் பெயரில். அதுவரை நாங்கள் அடுத்தவர் பெயரில்தான் சுட்டுக்கொடுத்துக்கொண்டிருந்தோம். இந்த ஆர்டர் நிலைத்தால் யூனிட் பிழைக்கும். விழுந்தால் நானும் நெய்வேலிப் பக்கம் ஏதாவது ஒப்பந்த வேலைக்குப் போக வேண்டியதுதான். முதலாளி ஒரே முடிவாக இருந்தார். "கஸ்டமரு கப்ப கவுத்துப் பாத்தா கிரீடம் தெரியணும். மேல ராயல்னு இருக்கணும். அந்தம்மாகிட்ட இங்கிலீஷ்ல ரெண்டு வரி வாங்கிக்கினு வா."

போனேன். அக்கா விசைப்பலகையைத் தொடவில்லை.

"எந்த ராஜா?"

"அக்கா, அது ஒரு பேரு. அடிச்சிக் குடுங்க."

அடிக்கவில்லை. ஜன்னல் வழியே சாலையைக் காட்டினார். ராயல் டெய்லர், ராயல் பிரியாணி, ராயல் டிராவல்ஸ், அவற்றுக்குப் பின்னால் ஒரு ராயல் மஹால். அந்தச் சொல் நடந்து வந்த தூரத்தை அன்றைக்குத்தான் எனக்குச் சொன்னார். நான் நின்றுகொண்டே கேட்டேன். உட்கார எனக்கு நேரமில்லை.

லத்தீனில் அரசனுக்கு உரியது என்பதுதான் பொருளாம். பிரெஞ்சுக்காரர் வாயில் தேய்ந்து ராயல் என்று இங்கிலாந்துக்குப் போனது. அதே லத்தீன் சொல் அதிகம் தேயாமல் இன்னொரு வாசல் வழியாக நுழைந்து ரீகல் ஆனது. முதலில் ராயல் என்றால் அரசனின் வீடு, அரசனின் ரத்தம், அரசனின் காடு. அப்புறம் அரசன் அனுமதி கொடுத்ததெல்லாம் ராயல். அப்புறம் அரசனுக்கு ஏற்ற அளவில் பெரியதெல்லாம் ராயல். அச்சகத்தில் இன்றும் பெரிய தாளுக்கு ராயல் சைஸ் என்கிறோமே, அது. அப்புறம் உசத்தியானதெல்லாம். கடைசியில், ஒருவன் காரியத்தைச் சுத்தமாகக் கெடுத்தாலும் ராயலாகக் கெடுத்தான் என்று சொல்லும் இடத்துக்கு ஆங்கிலேயனே வந்துவிட்டான்.

"நாமளும் ராயலா இருக்கணும்னுதான சொல்றோம். அதுல எங்க ராஜா இருக்காரு? கடன் வாங்கிக் கல்யாணம் பண்றதுதான் இருக்குது. நாடு குடியரசு ஆனதும் நம்ம கடற்படையே அந்தச் சொல்லக் கழட்டி வச்சிட்டுது. டெய்லருதான் எடுத்து மாட்டிக்கினாரு."

"களிமண் லாரிக்கு கவர்மெண்டுக்கு ராயல்டி கட்டறமே, அது எந்த ராஜாவுக்கு?" என்று மடக்கினேன்.

சிரித்தார். "அதுல மட்டுந்தான் தம்பி நேர்மையா இருக்குது. மண்ணுக்கு அடியில இருக்கறது ராஜாவோடது, பங்கு குடுன்னு கேட்டாங்க. ராஜா போயிட்டாரு, பங்கு போவல."

"அக்கா, நாம லண்டனுக்கு அனுப்பல. புதுச்சேரிக்கு அனுப்பறோம்."

"அது இன்னும் மோசம். பிரெஞ்சுக்காரன் ராஜா தலைய வெட்டினவன். அவன் இருந்த ஊருக்கா கிரீடம் அனுப்பற?"

எனக்குச் சிரிப்பு வரவில்லை. எங்கள் பேட்டையில் சின்ன யூனிட்டுகளுக்குப் பொதுச் சூளைதான். முறை தவறினால் அடுத்தவர் ஏற்றிவிடுவார். முத்திரையோ, ஒருமுறை சுட்ட பிஸ்கட் கப்பின் அடியில் குத்தி, அதன்மேல் கிளேஸ் என்னும் கண்ணாடிப் பூச்சு பூசி, மறுபடி சூளைக்குப் போக வேண்டியது. சுட்ட பிறகு அந்த எழுத்தை யாராலும் அழிக்க முடியாது. அதனால்தான் அக்கா யோசித்தார். அதனால்தான் நான் அவசரப்பட்டேன்.

இன்னொன்றும் இருந்தது. களிமண் புது இடத்திலிருந்து வந்திருந்தது. நான் கலக்கும் கிளேஸ் அந்த மண்ணோடு ஒத்துப்போகுமா என்று எனக்கே சந்தேகம். சில கப்புகளைச் சுட்டு, கொதிநீரில் போட்டு, குளிரவைத்து, மை தடவிப் பார்க்க வேண்டும். மயிர் விரிசல் இருந்தால் மை காட்டிக்கொடுக்கும். முதலாளியோ முத்திரை முடியாமல் ஒரு கப்பும் சூளைக்குப் போகக்கூடாது என்று சொல்லிவிட்டார்.

நான் மறுபடி போனேன், மறுபடியும் போனேன். அக்கா வேறு வேறு வரிகளைக் காட்டினார். ஊர்ப் பெயர் மட்டும் போடலாம் என்றார். முதலாளி ஒப்புக்கொள்ளவில்லை. வேறு கடைக்கும் போக மாட்டார். முன்பு ஒரு கடைக்காரர் எங்கள் பெட்டியில் எழுத்துப்பிழையோடு அச்சடித்த வருத்தம் அவருக்கு. கடைசியில் நான் நேரடியாகவே கேட்டேன். அக்காவின் தங்கை வீட்டுக்காரர், எங்களுக்குப் போட்டியான சேகரின் யூனிட்டில் சூப்பர்வைசர்.

"சேகரு இழுக்கச் சொன்னாரா அக்கா?"

கேட்டதில் தப்பில்லை என்றுதான் இன்றும் நினைக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் கேட்டிருப்பேன். அக்கா கோபப்படவில்லை. மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார்.

"சந்தேகப்படறது நல்லதுதான். ஆனா எம்மேல மட்டும் படாத. உன் கப்பு மேலயும் படு."

"அதுக்குத்தான் அக்கா எனக்கு நாளு வேணும். அத நீங்க தின்னுக்கினு இருக்கீங்க."

அந்த வரியை அவர் கடைசிவரை அடித்துக் கொடுக்கவில்லை. முதலாளி வேறு வழியில்லாமல் இன்னொரு ஆளைப் பிடித்துக் கிரீடம் வரைந்து ரப்பர் முத்திரை செய்தபோது சூளையில் எங்கள் முறை வந்துவிட்டது. சோதனை இல்லாமலே எல்லாம் சூளைக்குப் போயிற்று. கப்புகள் பார்க்க அழகாகத்தான் வந்தன. ஹோட்டல்காரர் சந்தோஷப்பட்டார். மழைக்காலம் முடிவதற்குள் பெட்டி பெட்டியாகத் திரும்பி வந்தன. உள்பக்கம் முழுக்க மயிர் விரிசல். டீ இறங்கி வலை பின்னினதுபோல் பழுப்பு.

ஒரு கப்பை எடுத்துக்கொண்டு அக்கா கடைக்குப் போனேன். எதிரே வைத்தேன். நகத்தால் தட்டினார். கவிழ்த்துப் பார்த்தார்.

"ஒரு சொல்லத் தட்டிப் பாத்துக்கினே இருந்துட்டன். கப்பத் தட்டிப் பாக்க உனக்கு நேரம் இல்லாம பண்ணிட்டன். கலியபெருமாளுகிட்ட நான் வந்து சொல்றன்."

வந்தார். எங்கள் யூனிட்டில், வேலையாட்கள் எல்லோரும் கேட்க, "எம்மேலயும் தப்பு இருக்குதுங்க" என்றார். முதலாளி தலையை ஆட்டினார். ஆனால் அன்று மாலையே ஹோட்டலுக்கு அக்கா எழுதிய கடிதம் போயிற்று. மறைக்காமல், மண் மாறியதையும் சோதனை விட்டுப்போனதையும் எழுதியிருந்தார். எனக்கு அது பைத்தியக்காரத்தனமாகப் பட்டது. யூனிட் முடிந்தது என்று நினைத்தேன். ஹோட்டல்காரர் புதிதாக மாதிரிக் கப்புகள் அனுப்பச் சொல்லிப் பதில் போட்டார். எதற்காக என்று இன்றும் எனக்குப் புரியவில்லை. அவர் மேலும் எனக்குச் சந்தேகம் உண்டு.

நான் ஒரே ஒருமுறை அக்காவை ஜெயித்தேன். லத்தீனில் அரசனைக் குறிக்கும் சொல்லும் நம் ராஜாவும் ஒரே மூலத்திலிருந்து பிரிந்தவை என்று எங்கோ படித்துவிட்டுச் சொன்னேன். ஏற்கவில்லை. "கேக்க ரொம்ப அழகா இருக்குது. அழகா இருந்தா நம்பாத." அவர் அலமாரியிலிருந்த அகராதியையே எடுத்துக் காட்டினேன். படித்தார். பக்கத்தைத் திருப்பி, அகராதி யார் போட்டது, எந்தப் பதிப்பு என்று பார்த்தார். "சரி, இருக்கலாம்" என்றார். அவரிடம் அதுவே பெரிய சரணாகதி.

திரும்பி வந்த கப்புகளை முதலாளி கிடைத்த விலைக்குத் தள்ளிவிட்டார். இன்று ஊரில் பாதி டீக்கடைகளில் அவைதான். ராயல் கப் என்றால் பழுப்பேறிய கப் என்று எங்கள் ஊர் அந்தச் சொல்லுக்குப் புதிதாக ஒரு பொருளைச் சேர்த்திருக்கிறது.

அக்கா வீட்டில், ஜெபம் முடிந்து கல்லறைக்குக் கிளம்புவதற்கு முன், பந்தலில் டீ கொடுத்தார்கள். பக்கத்து நாற்காலியில் சேகர். நாங்கள் அதிகம் பேசிக்கொள்ளாதவர்கள்.

"உங்க மொதலாளிக்கு எழுதிக் குடுக்கலியாமே?" என்றார்.

"இல்ல."

"எனக்கும் குடுக்கல. அதே ராயல்தான் நானும் கேட்டன். கலியபெருமாளு சொல்லி இழுக்கறீங்களான்னு மூஞ்சிக்கி நேரா கேட்டுட்டன்." டீயை ஒரு மடக்கு குடித்தார். "எந்த ராஜான்னாங்க."

நான் கப்பைக் கவிழ்த்தேன். பாதி டீ இருந்ததை மறந்துவிட்டேன், சட்டையில் கொட்டியது. கிரீடம் இருந்தது. நிமிர்ந்து பார்த்தால் சேகரும் தன் கப்பைத் தூக்கி அடியைப் படித்துக்கொண்டிருந்தார். அவருக்கு அப்பால் பேட்டைக்காரர்கள் இன்னும் சிலர்.

அக்காவிடமிருந்து நான் வைத்திருப்பது அந்தக் கேள்வியும் ஒரு வேலை வரிசையும்தான். எங்கள் யூனிட்டில் இப்போது முத்திரை இல்லாத கப்புகள் முதலில் சூளைக்குப் போகின்றன. கொதிக்கவைத்து, மை தடவி, நான் சரி என்ற பிறகுதான் மற்றவற்றில் முத்திரை. அதில் ஊர்ப் பெயர் மட்டும். புதுச்சேரிக்கான மாதிரிக் கப்புகள் இந்த வாரம் அப்படித்தான் போகின்றன.

பழைய கிரீட முத்திரையைத் தூக்கிப் போட்டுவிட்டதாக முதலாளி சொன்னார். அக்காவை அடக்கம் செய்துவிட்டு வந்த அன்று முதலாளியின் மேசை டிராயரைத் திறந்து பார்த்தேன். இருந்தது. எடுத்துச் சூளையில் போட்டேன்.