முதுகு காட்டும் சாம்பியன்

மலைமேல் இருக்கும் தேவனூர் நாட்டு ஊர்க்காரன் ரமேஷ்குமார் கிக்பாக்சிங்கில் இரண்டு முறை மாநில சாம்பியன். ஆனால் அவன் சண்டை போடுவதைப் பார்த்தால் சிரிப்புத்தான் வரும். மணி அடித்ததும் முதுகைக் காட்டிக்கொண்டு மேடையைச் சுற்றி ஓடுவான். துரத்தி வருபவன் நெருங்கியதும், திரும்பாமலே கழுதை மாதிரி பின்னால் ஓர் உதை விடுவான். அந்த ஒரே உதைக்காக மலையெல்லாம் தனக்குத் தானே ஃபிளெக்ஸ் வைத்துக்கொண்டான். பஸ்ஸில் வயதானவர்கள் நின்றாலும் சாம்பியன் எழுந்திருக்க மாட்டார்.

மூன்றாவது இறுதிப் போட்டி சேலத்தில் நடந்தது. எதிராளி பூபாலன் அவனைத் துரத்தவே இல்லை, நடுவிலேயே நின்றுகொண்டான். ரமேஷ்குமார் தனியாக ஓடிக்கொண்டிருந்தான். கூட்டம் விசிலடித்துச் சிரித்தது. ஆத்திரத்தில் முதன்முதலாக நேருக்கு நேர் பாய்ந்தவன், ஒரே குத்தில் விழுந்தான்.

ஊருக்கு வந்து, "நடுவர் மோசம் பண்ணிட்டாருங்க" என்று டீக்கடையில் எல்லோரிடமும் புலம்பினான்.

கூட வந்திருந்த மனைவி சங்கீதாவுக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க, நடுவருங்களா உங்களக் குத்துனாரு? நானும் அங்கதான உக்காந்திருந்தேன்!"

கடையே சிரித்தது.

அதன்பிறகு அவன் எந்தப் போட்டிக்கும் போகவில்லை. காலில் வலி என்கிறான். எந்தக் காலில் என்று கேட்டால், கொஞ்சம் யோசித்துத்தான் சொல்கிறான்.