அழகுக்கு வைத்த கல்

உத்திரமேரூர் பக்கம் கல்குவாரியில் வேலை பார்த்த அப்பா, ஒரு நாள் துண்டில் எதையோ சுற்றிக்கொண்டு வந்தார். தேங்காய் அளவுக் கல். வெளியே சாதாரணக் கருங்கல்தான். பிளந்த பக்கத்தில் மட்டும் கற்கண்டு ஒட்டிவைத்ததுபோல் லேசான ஊதா நிறப் படிகங்கள். இத்தனை வருஷ வேலையில் இப்படி ஒன்றை அவர் பார்த்ததே இல்லையாம்.

அம்மா அதைக் குத்துவிளக்கு மாதிரி புளி போட்டுத் தேய்த்துக் கழுவி, புது வீட்டு ஷோகேஸில் வைத்தாள். எங்கள் வீட்டில் எல்லாப் பொருளுக்கும் ஒரு வேலை உண்டு. ஒரு வேலையும் செய்யாமல் அழகாக இருப்பதற்கென்றே வந்த முதல் பொருள் இதுதான். பக்கத்து வீட்டு அத்தை அதற்குக் குங்குமம் வைக்க வந்தபோது, "சாமி இல்ல அண்ணி, அழகுக்கு வச்சிக்கீறோம்" என்று அம்மா தடுத்துவிட்டாள்.

அம்மா நடவுக்கும் களையெடுக்கவும் போகும் நிலத்துக்காரர், ஆள் கூப்பிட வந்தால் வாசலில் பைக்கை நிறுத்தி அங்கிருந்தே குரல் கொடுப்பார். எங்கள் தெருவில் எந்த வீட்டுக்குள்ளும் அவர் கால் வைத்ததில்லை. திறந்த கதவு வழியே கல்லைப் பார்த்துவிட்டு, "நல்லா கீதே! எங்க வூட்டு ஹால்ல வைக்கலாம். நாளைக்குக் கொண்டாந்து குடு" என்றார். அப்பா தலையாட்டிவிட்டார். எங்கள் கொடியில் காய்க்கும் முதல் பூசணி அவர் வீட்டுக்குத்தான் போகும். கேட்டதும் கொடுப்பது அப்பாவுக்கு ஊறிப்போன பழக்கம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

மறுநாள் அப்பா துண்டில் சுற்றிய கல்லை அம்மா பிடுங்கி மறுபடி ஷோகேஸில் வைத்தாள். இரண்டு நாள் பொறுத்து நிலத்துக்காரரே வந்தார். பைக் சத்தம் கேட்டதும் அப்பா கொல்லைப்பக்கம் நழுவினார்.

"இன்னா, கல்லு வரல?"

"குடுக்கறதுக்கு இல்லீங்க ஐயா," என்றாள் அம்மா. "பாக்கணும்னா உள்ள வாங்க."

நாளை முதல் அம்மாவை வேலைக்குக் கூப்பிடாமல் விட்டுவிடுவாரோ என்று பயந்தேன். அவர் ஷோகேஸைப் பார்த்தார், தெருவைப் பார்த்தார். பிறகு செருப்பைக் கழற்றிவிட்டு உள்ளே வந்தார். கல்லைக் கையில் வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் நாற்காலி போட்டு, டீ கொடுத்தேன். திங்கட்கிழமை நடவு என்று அம்மாவிடம் சொல்லிவிட்டுக் கிளம்பினார். அம்மாவை நினைத்தால் இன்றும் எனக்கு நெஞ்சு நிமிர்கிறது.

பைக் போனதும் அப்பா உள்ளே வந்தார். ஷோகேஸ் பக்கம் திரும்பவே இல்லை. நாற்காலி அருகே இருந்த டம்ளரை எடுத்துக் கவிழ்த்தார். ஒரு சொட்டும் விழவில்லை.

"நம்ம வூட்டு டீய குடிச்சிட்டாரா!" என்று தெருவுக்கே கேட்கும்படி சிரித்தார்.