இடைவெளி விட்டுக் கட்டிய வீடு

பள்ளிப் படிப்போடு நின்று, சிவகாசியில் ஓர் அச்சகத்தில் காகிதம் வெட்டுகிறவன் நான். இதயத்தைப் பற்றி எழுத வருவது அதிகப்பிரசங்கித்தனம்தான். பொறுத்துக்கொள்ளுங்கள்.

அண்ணன் தாயில்பட்டிப் பக்கம் பட்டாசு ஆலையில் போர்மேனாக இருந்தார். அங்கே அறைக்கு அறை இடைவெளி விட்டுத்தான் கட்டுவார்கள்; ஒன்று வெடித்தால் அடுத்ததற்குத் தீ தாவக் கூடாது. அப்பா விட்டுப்போன மனையில் நாங்கள் ஆளுக்கொரு வீடு கட்டியபோதும் அவர் அந்தக் கணக்கையே பார்த்தார். நடுவில் ஒரு வண்டி போகும் அளவுக்கு இடம். எதிரெதிரே நின்ற சுவர்களில் இருவருக்கும் ஜன்னல் கிடையாது.

"தெருவே சிரிக்குதுண்ணே."

"சிரிக்கட்டும்லே. தீ சிரிக்காது."

ஜன்னல் வேண்டும் என்று எனக்கு அப்போதே தோன்றியது. சொல்லக் கூச்சப்பட்டு விட்டுவிட்டேன்.

மதினி இறந்தபின் அண்ணன் தனியாக இருந்தார். போன மாதம் ஒரு ஞாயிறு மத்தியானம் நெஞ்சுவலியில் விழுந்து, என்னைக் கூப்பிட்டிருக்கிறார். நான் வீட்டில்தான் இருந்தேன். என் காதில் விழவில்லை. சாயங்காலம் காபி கொண்டுபோன என் மனைவிதான் பார்த்தாள்.

விருதுநகரில் ஆஸ்பத்திரிக் கட்டிலருகே உட்கார்ந்து, நர்சிங் படிக்கும் என் மகள் அவருக்கு விளக்கினாள். இதயத்தின் செல்கள் ஒட்டி ஒட்டி இருக்கும். ஒட்டிய இடத்தில் கண்ணுக்குத் தெரியாத சிறு குழாய்கள். துடிக்கச் சொல்லும் மின்சாரம் அவற்றின் வழியே ஒரு செல்லிலிருந்து அடுத்ததற்கு நேராகப் போய்விடும். அதனால்தான் எல்லாம் சேர்ந்து துடிக்கின்றன.

"நடுவுல எடமே விடலயா? லைசென்சு கெடைக்காதே தாயி!" என்றார் அண்ணன்.

"பக்கத்துச் செல்லு சாகப்போகுதுன்னா கொழாய மூடிக்கிடும் பெரியப்பா. கேடு இங்கிட்டு வராது."

"மத்த நேரம்?"

"தெறந்துதான் கெடக்கும்."

அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"நா மொதல்லயே மூடிட்டேன்லே. அந்தச் சொவத்துல ஒரு ஜன்னல் வச்சிரு. ஒன் பக்கமும் வையி."

"சரிண்ணே" என்றேன். வேறு ஏதாவது சொல்லியிருக்கலாம். ஊர் திரும்பியதும் கொத்தனாரிடம் சொல்லிவைத்தேன்.

மறுநாள் விடியும்போது அண்ணன் இறந்துவிட்டார். காலையில் கொத்தனார் சாமான்களோடு வந்தார். விஷயம் தெரிந்து திரும்பிப் போனார்.