அவசரத்தில் அழைக்க வேண்டியவர்

1998ஆம் ஆண்டின் பனிக்காலத்தில் மேர்னா முதன்முதலாகப் பார்த்தபோது, ஆல்டன் கிம்பல் தம் வாசற்பனியை வாரிக்கொண்டிருந்தார். அமெரிக்காவின் வெர்மான்ட் மலைச்சரிவில் அவருக்கு அடுத்த வீட்டில் அவள் குடியேறிய மறுநாள் காலை அது. இரண்டு வாசல்களும் சேருமிடத்தில், நூல் பிடித்தாற்போல், அவருடைய மண்வாரி நின்றது. அதற்கப்பால் ஒரு விரற்கடைகூட நகரவில்லை. கஞ்சன் என்று அவள் நினைப்பதற்குள் அவர் தொப்பியைத் தொட்டார்.

"உங்க இடத்துல கை வைக்க நான் யாரு?"

நிலம் அளப்பது அவர் தொழில். நாற்பது ஆண்டுகள் எல்லைக்கல் நட்டு ஓய்ந்தவர். இப்போது வயது எழுபத்தெட்டு. மனைவி பிரிந்துபோனாள், மகன் நாட்டின் மறுகோடியில், ஆரிகனில். விறகைத் தாமே பிளப்பார். ஒருமுறை கடைவாய்ப்பல்லையும் தாமே பிடுங்கிக்கொண்டார். மார்ச் மாத ஊர்க்கூட்டத்தில் எல்லாரும் பொதுமேசையில் பகிர்ந்துண்ண, இவர் மட்டும் காகிதத்தில் சுற்றிக் கொண்டுவந்த ரொட்டியை ஓரமாக நின்று தின்பார்.

அதே ஊர்க்காரன் ரஸ்டியை அவருக்கு அறவே ஆகாது. அவன் முற்றத்தில் துருப்பிடித்துக் கிடந்த கார்களை அகற்றச் சொல்லி ஓராண்டு ஊர்க்கூட்டத்தில் தீர்மானம் வந்தது. எதிர்த்து உயர்ந்த ஒரே கை ஆல்டனுடையது.

"அவன் ஒரு பன்னாடைதான். ஆனா அது அவன் நிலம். பாக்கச் சகிக்கலைன்னா கழுத்தைத் திருப்பிக்குங்க!"

"உங்க குழியையும் நீங்களே வெட்டிக்குவீங்களோ?" என்று ஒருமுறை, அவர் தனியே விறகு பிளப்பதைப் பார்த்து மேர்னா சீண்டினாள்.

"அளந்து குறியடிச்சாச்சு. வெட்டுறதுதான் பாக்கி."

சென்ற இலையுதிர்காலத்தில் அவருக்குக் கண்புரை முற்றியது. அறுவை செய்துகொள்ளாவிட்டால் வண்டியோட்டும் உரிமம் பறிபோகும். கடைக்குப் பதினோரு மைல். வண்டியில்லாமல் அந்த வீட்டில் காலந்தள்ள இயலாது. ஆனால், வீட்டுக்குத் திரும்ப அழைத்துச்செல்ல ஆளில்லாதவருக்கு மருத்துவமனை கத்தி வைக்காது. படிவத்தில் 'அவசரத்தில் அழைக்க வேண்டியவர்' என்ற இடத்தில் ஆல்டன் தம் பெயரையே எழுதிக் கொடுத்தார். நடந்ததை வேலியோரம் நின்று அவரே மேர்னாவிடம் சொல்லிப் பொருமினார்.

"'உங்களுக்கு மயக்கம் வந்தா உங்களுக்கே போன் போடணுமா?'ன்னு கேக்குறா அந்தப் பொண்ணு. 'போடும்மா, நான் எடுக்கலைன்னா எனக்கு ஏதோ ஆயிடுச்சுன்னு தெரிஞ்சுக்கலாமே'ன்னேன். திருப்பி அனுப்பிட்டாங்க."

"மகன்கிட்ட சொன்னீங்களா?"

"அவனுக்கு அவன் பொழப்பு."

'நான் வருகிறேன்' என்னும் சொல் மேர்னாவின் நாக்கு நுனிவரை வந்தது. உதவி கேளாதவருக்கு நீட்டும் கை, அவரை ஏலாதவர் என்று சொல்லிவிடுமே! அவளும் இம்மலைகளில் வளர்ந்தவள்தான், சொல்லை விழுங்கிவிட்டாள். விழுங்கியது பண்பா, கோழைத்தனமா என்று அந்த வாரம் முழுவதும் பாத்திரம் துலக்கும்போதெல்லாம் யோசித்தாள்.

நேற்றுக் காலை கதவு தட்டும் ஓசை கேட்டது. ஆல்டன் நின்றிருந்தார், இத்தனை ஆண்டுகளில் இதுதான் முதல்முறை. உள்ளே வரச்சொன்னாள். அவர் வாசல் கால்மிதியைத் தாண்டவில்லை. காபியும் வேண்டாமாம். புதிய படிவம் ஒன்றை மூக்கோடு ஒட்டப் பிடித்திருந்தார். அதில் எழுதிய தம் பெயரைத் தாமே ஒரு கோட்டால் அடித்திருந்தார். பேனா முனை அதன் பக்கத்தில் தயங்கி நின்றது.

"மேர்னா, உங்க குடும்பப் பேரு... டுக்கெட். நடுவுல வர்றது 'கே'யா, 'க்யூ'வா?"