ஆறு பத்துக்கு ஏறியவள்

சிரிக்கப் போகிறவர்கள் இப்போதே சிரித்து முடித்துவிடுங்கள். நானும் உங்களைப் போலத்தான் இருந்தேன். என் பெயர் கோபிசங்கர். வெல்டிங் வேலை செய்கிறேன். பேய், பிசாசு என்று யாராவது கதை தொடங்கினால் எழும்பிப் போய்விடுவேன். ஆனால் இது போன மாதம், தொண்டைமானாற்றுக்குக் கிட்ட, என் சொந்தக் காணியில் நடந்தது. பார்த்தவன் நான். பெயர்களைக்கூட மாற்றவில்லை.

நாங்கள் கரவெட்டியில் வாடகைக்கு இருந்தோம். வீட்டுக்காரர் கனடாவிலிருந்து வருகிறார், நவம்பர் முடிய வீட்டை விடவேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். எங்கள் காணி முப்பது வருடம் ஆமியின் பிடியில் கிடந்து, பிறகுதான் விடுபட்டது. அதில் வீடு கட்டத் தொடங்கி, யன்னல் மட்டத்துக்குச் சுவர் எழும்பியபோது மழை பிடித்துக்கொண்டது. தை பிறக்கட்டும் என்றுவிட்டு மேசன் போய்விட்டார். என் மனைவி கஜந்தினிக்கு எட்டு மாதம். மகள் கீர்த்திகாவுக்குப் பிறகு இரண்டு தங்காமல் போய், ஏழு வருடம் காத்திருந்து வந்த பிள்ளை இது. இந்த மாரியில் அவளை எங்கே கொண்டுபோய் வைப்பது?

அப்போதுதான் பழைய இரும்புக் கடையில் அந்த பஸ்ஸைக் கண்டேன். எஞ்சின் இல்லை. ஆனால் உடம்பு நல்ல உடம்பு. இழுத்து வந்து காணியில் விட்டேன். மாரி முடியும்வரை அதுதான் வீடு. கூரைக்குத் தார் பூசினேன். சீற்றுகளைக் கழற்றிவிட்டு இரும்புக் கட்டில் இரண்டு செய்தேன். காஸ் அடுப்பு, தண்ணீர்த் தாங்கி, பற்றறி லைற்... எல்லாம் என் கையால். ஒரேயொரு சீற்றை மட்டும் கழற்ற கஜந்தினி விடவில்லை. முன்கதவுக்குப் பக்கத்தில் இருந்தது. ‘கர்ப்பிணித் தாய்மாருக்கு’ என்று மேலே எழுதியிருந்தது.

"இது எனக்கெண்டே எழுதிக்கிடக்கு," என்று அதில் இருந்து சிரித்தாள்.

சில்லுகள் செம்மண்ணில் புதையாமல், அடியில் கல் அடுக்கி பஸ்ஸை நிமிர்த்தினேன். அதனால் முன்கதவுப் படி அவளுக்கு உயரமாகிவிட்டது. ரோட்டுக்கரைப் பற்றைக்குள் மூன்று பெரிய கற்கள் இருந்தன. இரண்டு நட்டபடி, ஒன்று அவற்றின் மேல் குறுக்கே. குறுக்குக் கல் நல்ல தட்டை. அலவாங்கால் நெம்பி எடுத்து வந்து படிக்கு வைத்தேன். அச்சொட்டாகப் பொருந்தியது.

நவம்பர் 12. மாலை 6.10. உள்ளே நின்று யன்னலுக்கு றபர் போட்டுக்கொண்டிருந்தேன்.

க்ரீக்...

பஸ்ஸின் முன்பக்கம் தாழ்ந்து எழும்பியது. பாரமான ஆள் ஒருவர் படியில் ஏறினால் தாழுமே, அப்படி. எட்டிப் பார்த்தேன். ஒருவரும் இல்லை. அடியில் கல் புதைந்துவிட்டதாக்கும் என்று லெவல் வைத்துப் பார்த்தேன். குமிழி நட்டநடுவில் நின்றது.

13ஆம் திகதி. அதே 6.10. க்ரீக்... இந்த முறை கூடவே மூச்சு வாங்கும் சத்தம். அன்று முழுவதும் வெயில். ஆனால் படிக்கல் நனைந்திருந்தது. படிக்கல் மட்டும். எனக்குப் பயம் வரவில்லை, கோபம்தான் வந்தது. எவனோ சேட்டை விடுகிறான் என்று ரோட்டைப் பார்த்துத் தூஷணத்தால் பேசினேன். ரோட்டில் நாய்கூட இல்லை.

14ஆம் திகதி. சட்டி பானை அடுக்க கஜந்தினியும் கீர்த்திகாவும் வந்திருந்தார்கள். ஆறு மணிக்கே மேகம் கறுத்து இருண்டுவிட்டது. கஜந்தினி சாமிப் படத்துக்கு விளக்கு ஏற்றினாள். விளக்கு வைக்கிற நேரம் முன்கதவு திறந்திருக்கவேண்டும், பின்கதவு பூட்டியிருக்கவேண்டும். எங்கள் வீடுகளில் அப்படித்தான். பஸ்ஸுக்கும் இரண்டு கதவு இருக்கிறதே! பின்னதைப் பூட்டி, முன்னதை அகலத் திறந்துவிட்டாள். பிறகு களைத்துப்போய்த் தன் சீற்றில் சாய்ந்தாள்.

"கதவைச் சாத்துமன். நுளம்பு வருது," என்றேன்.

"விளக்கு வைச்ச உடனை சாத்தக்கூடாதப்பா," என்றாள். கண் மூடிவிட்டது.

6.10.

க்ரீக்...

விளக்குச் சுடர் உள்பக்கமாகச் சாய்ந்தது. சாய்ந்தபடியே நின்றது.

ஈரக் கால் வைக்கும் சத்தம். சப்... சப்...

"அப்பா, பஸ் வெளிக்கிடுது," என்றாள் கீர்த்திகா.

தரையில் கை வைத்தேன். அதிர்ந்தது. எஞ்சின் இல்லாத பஸ்...

கஜந்தினி கண்ணைத் திறக்கவில்லை. வாய் ஏதோ முணுமுணுத்தது. பிறகு இரண்டு கைகளையும் முன்னால் நீட்டினாள்.

"ஓம்... தாங்கோ. நான் வைச்சிருக்கிறன்."

பஸ்ஸில் நிற்பவர்களின் பையை, இருப்பவர் வாங்கி மடியில் வைத்திருப்பது எங்கள் வழக்கம். அந்தப் பழக்கத்தில் வந்த சொல்.

அவள் கைகள் பாரத்தில் தாழ்ந்தன.

மெல்ல மடிக்கு வந்தன.

கைகளில் ஒன்றுமே இல்லை...

"கஜந்தி!"

அதிர்வு நின்றது. 6.13.

மடியில் சட்டை நனைந்திருந்தது. தொட்டேன். ஐஸ் தண்ணீர்.

"ஆரோடை கதைச்சனீர்?"

"ஒரு அக்கா... பாரத்தோடை நிண்டவ. பாவமாக் கிடந்தது."

இரண்டு பேரையும் ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு கரவெட்டிக்குப் பறந்தேன். பஸ் கதவைக்கூடப் பூட்டவில்லை. இதைச் சொல்ல வெட்கமில்லை.

மறுநாள் காலை தனியே வந்தேன். பக்கத்துக் காணிக்காரி பத்மாசினி அக்கா மாட்டுக்குப் புல் அறுக்க வந்திருந்தார். பஸ்ஸைப் பார்க்க ஆசையாகக் கிட்ட வந்தவர், படியில் வைத்த காலைச் சட்டென்று எடுத்துவிட்டார்.

"தம்பி, உந்தக் கல்லு எங்கை எடுத்தனீர்?"

"ரோட்டுக்கரைப் பற்றைக்குள்ளை. ஏனக்கா?"

"ஐயோ... அது சுமைதாங்கியெல்லே!"

வயிற்றில் பிள்ளையோடு செத்துப்போனவளின் நினைவாக வைக்கும் கல் அது. வழியால் போகிறவர்கள் தங்கள் சுமையை அதில் இறக்கி வைத்து ஆறினால், அவளுடைய பாரமும் ஆறும் என்பார்கள். கேள்விப்பட்டிருக்கிறேன். முகாமிலும் வாடகை வீட்டிலும் வளர்ந்த எனக்கு, கண்ணால் கண்டபோது அது இதுதான் என்று தெரியவில்லை.

"என்ரை அம்மாவின்ரை தமக்கை சின்னாச்சிக்கு வைச்சது. நிறைமாசம். பிள்ளைநோக் கண்டு, மழைக்குள்ளை உதிலை பஸ்ஸுக்கு நிண்டவ. பஸ் நிறைஞ்சு வந்து நிப்பாட்டாமல் போட்டுது. உதிலையே விழுந்து..."

"எத்தினை மணி பஸ்?"

"ஆறு பத்து."

அன்றைக்கே கல்லைத் திருப்பி வைத்தேன். தேங்காய் உடைத்தேன். விழுந்து கும்பிட்டேன். அதன் பிறகு பஸ் தாழவில்லை. முடிந்தது என்றுதான் நினைத்தேன்.

நவம்பர் 18. கிளினிக். மிட்வைஃப் யசிந்தா மிஸ் வயிற்றில் கருவியை வைத்துக் கேட்டார். இடத்தை மாற்றினார். மறுபடி கேட்டார்.

"முந்தி ஸ்கானிலை எத்தினை பிள்ளை எண்டவை?"

"ஒண்டு, மிஸ்."

"இரண்டு துடிப்புக் கேக்குது."

டொக்டரிடம் அனுப்பினார். ஸ்கான் திரையில் ஒரு பிள்ளைதான் தெரிந்தது. துடிப்பு இரண்டு. டொக்டர் கருவியில் குறை சொன்னார். வேறு கருவி கொண்டுவந்தார்கள். அதிலும் இரண்டு.

திரும்பி வரும்போது கஜந்தினி வயிற்றில் கை வைத்தபடியே இருந்தாள். பிறகு மெல்லச் சொன்னாள்.

"எங்கை இறங்குவீங்கள் எண்டு அந்த அக்காவைக் கேட்டனான்."

"என்ன சொன்னவ?"

"ஆஸ்பத்திரியடி. இறங்கேக்கை வாங்கிறன் எண்டவ."

இன்று டிசம்பர் 9. பஸ்ஸுக்குள் இருந்துதான் எழுதுகிறேன். போக வேறு இடமில்லை. பிள்ளைப்பேற்றுக்கு எங்களுக்குத் தந்த திகதி 15. ஆஸ்பத்திரிக்கு வரமாட்டேன் என்று கஜந்தினி அழுகிறாள். போகாமல் எப்படி?

சின்னாச்சி அங்கே இறங்குவாள். தன்னுடையதை வாங்கக் கை நீட்டுவாள்.

எது தன்னுடையது என்று அவளுக்குத் தெரியுமா...?