உச்சிக்கு முன் திரும்பியவர்

இரண்டு வருடங்களுக்கு முன், ஒரு புரட்டாசி சனிக்கிழமையில் நடந்தது. நாங்கள் இருப்பது கலிபோர்னியாவில், சான் ரமோனில். சனிக்கிழமை காலைகளில் நாங்கள் தமிழர்கள் பத்துப் பேர் பக்கத்து மலைக்கு சைக்கிளில் போவோம்.

எங்களோடு ஒரு ஸ்பானியரும் வருவார். மகள் வீட்டில் தங்கியிருந்தார், அறுபதைத் தாண்டிய வயது. எங்களுக்கு அவர் அங்கிள். பன்னிரண்டு வருடம் ஐரோப்பாவில் சம்பளத்துக்குச் சைக்கிள் பந்தயம் ஓட்டியும் ஒன்றில்கூட ஜெயித்ததில்லை. அணித் தலைவருக்கு முன்னால் ஓட்டிக் காற்றைத் தடுப்பதும், அவருக்குத் தண்ணீர் வாங்கி வருவதும், அவர் டயர் பஞ்சரானால் தன் சக்கரத்தைக் கழற்றிக் கொடுத்துவிட்டு ஓரமாக நிற்பதும்தான் அவர் வேலை. இத்தனை வருடத்தில் ஒன்றுகூடவா இல்லை என்று எல்லோர் முன்னாலும் கேட்டுச் சிரித்திருக்கிறேன். எனக்கு வாய் கொஞ்சம் நீளம்.

அந்தச் சனிக்கிழமை அவருக்கு முக்கியமான நாள். அடுத்த வாரம் முட்டி ஆபரேஷன். அதன்பின் மலையேற்றமே கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டார். கடைசியாக ஒருமுறை ஒன்றேகால் மணி நேரத்துக்குள் உச்சியைத் தொட்டுவிட வேண்டுமென்று மாதக்கணக்கில் பயிற்சி எடுத்திருந்தார். என் தோழி ஸ்டாப்வாட்ச்சோடு காரில் மேலே போய்க் காத்திருந்தாள்.

எனக்கோ விரதம். தளிகை போட்டுப் பெருமாளுக்குப் படைக்கும்வரை தண்ணீர் மட்டும்தான். "சாப்பிடாம மலை ஏறப் போறியா? இந்த ஒரு வாரம் ஸ்கிப் பண்ணேன்" என்றார் கணவர். கேட்டால்தானே! எல்லோருக்கும் முன்னதாகவே கிளம்பிவிட்டேன். முக்கால் மலை ஏறியதும் அங்கிள் என்னைத் தாண்டிப் போனார். சற்று நேரத்தில் எனக்குக் கண் இருட்டியது. சைக்கிள் தானாகவே சாலை நடுவுக்குப் போனது. எதிரே வந்த கார் ஹாரன் அடித்தபடி மயிரிழையில் விலகியது. ஓரத்துப் புல்லில் போய் விழுந்தேன்.

மேல் வளைவிலிருந்து அங்கிள் பார்த்துவிட்டார். உச்சிக்கு ஒரு மைல்கூட இல்லை. திரும்பி இறங்கி வந்துவிட்டார்.

காலையில் என்ன சாப்பிட்டாய் என்பதுதான் அவர் முதல் கேள்வி. விஷயத்தைச் சொன்னதும் சட்டையின் பின்பாக்கெட்டிலிருந்து ஒரு பொட்டலத்தை எடுத்துப் பிரித்தார். குழைந்த சோற்றில் சர்க்கரை சேர்த்து அழுத்திய துண்டு, நெய் இல்லாத சர்க்கரைப் பொங்கல் மாதிரி. மயங்கி விழப்போகிற நிலையிலும் அதில் முட்டை இருக்கிறதா என்று கேட்டேன். வாய்விட்டுச் சிரித்தார். பெருமாளிடம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுவிட்டுச் சாப்பிட்டேன்.

அப்போது உச்சியிலிருந்து தோழி போனில் கூப்பிட்டாள். "அங்கிள் எங்கடி? டைம் ஓடிக்கிட்டே இருக்கு!"

"எனக்காக இறங்கி வந்துட்டாருடி" என்றேன். சொல்லும்போதே அழுதுவிட்டேன்.

நான் அழுததைப் பார்த்து, அதுவரை யாரிடமும் சொல்லாத ஒன்றைச் சொன்னார். ஒரே ஒரு பந்தயத்தில் அவர் தனியாக முன்னால் போய்க்கொண்டிருந்தாராம். எல்லைக்கோட்டுக்குச் சில மைல்தான் பாக்கி. தலைவர் பின்தங்கிவிட்டார், நின்று அவரை அழைத்து வா என்று அணியின் காரிலிருந்து உத்தரவு வந்தது. நின்றுவிட்டார். "அன்று நிற்கச் சொன்னார்கள். இன்று யாரும் சொல்லவில்லை" என்றார், ரொம்பச் சாதாரணமாக.

அரை மணி நேரம் கழித்து மெதுவாக இறங்கினோம். சமவெளியில் எதிர்காற்று பலமாக இருந்தது. வீடுவரை எனக்கு முன்னாலேயே ஓட்டி வந்தார். என் மேல் காற்றே படவில்லை.

அவர் பிறகு மலை ஏறவேயில்லை. இப்போதெல்லாம் குழுவில் யாராவது பின்தங்கினால் நான் திரும்பிப் போகிறேன். ஒரு நூறு அடி இறங்குவதற்குள், ஐயோ, ஏறினதெல்லாம் வீணாகிறதே என்று ஒவ்வொரு முறையும் மனசு அடித்துக்கொள்கிறது. பன்னிரண்டு வருடம் அதையே தொழிலாகச் செய்தவரைப் பார்த்துத்தான் நான் சிரித்திருக்கிறேன்.